வேங்கை வளைவின் கற்கள்

மேல்கோம்பை, சித்தேரி மலை
6-12-1943

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு அக்கா மாதம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் மாமாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? உன் சம்சாரத்துக்கு வாந்தி நின்றதா?

கார்த்திகை மழை இந்த வருஷம் மலையைப் பிடித்து உலுக்கிவிட்டது. வேங்கை வளைவு என்று ஒரு இடம், எங்கள் ஊருக்குக் கீழே, வண்டிப்பாதை திரும்புகிற இடம். அதை ஒட்டிக் கீழ்க்கொட்டாய் என்று சில வீடுகள் இருந்தன. மழை சற்று விட்டிருந்த நாளில், பட்டப்பகலில், சரிவு முழுவதும் இறங்கி அந்த வீடுகளை மூடிவிட்டது. சந்தைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வீட்டோடு போய்விட்டார்கள். தோண்டிப் பார்த்தார்கள், தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்தது. கடைசியில் விட்டுவிட்டார்கள்.

பாதை இருந்த இடமே தெரியவில்லை. உப்பு, சீமையெண்ணெய் எதுவும் மேலே வரவில்லை. ஊர்க்கவுண்டர் மல்லையன் சொல்லச் சொல்ல மாமா ஜில்லா போர்டுக்கு ஒரு மகஜர் எழுதி அனுப்பியிருக்கிறார். நீ போர்டில் ரோடு ஓவர்சியராக இருந்தும் எனக்கு இதுவரை ஒரு பிடி ஜல்லிகூடக் கிடைத்ததில்லை. இந்த ஒரு தடவை அக்காவுக்காக ஓடியாடு. மாமாவுக்கு இந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி நாங்கள் ஆனியில் வந்தோம். நீ ஒரு நடைகூட எட்டிப் பார்க்கவில்லை. ரோடு போடும் சாக்கிலாவது வா.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அக்கா மாதம்மாள்


அரூர்
22-12-1943

அக்கா அவர்களுக்கும் மாமா அவர்களுக்கும் தம்பி இன்னாசியின் நமஸ்காரம். அம்மா எழுந்து நடமாடுகிறார்கள். என் சம்சாரத்துக்கு மாங்காய் கேட்கிற கட்டம் வந்துவிட்டது. மார்கழியில் மாங்காய்க்கு எங்கே போவேன்?

உங்கள் மகஜர் வந்தது. வந்ததும் சண்டை ஆரம்பித்தது. எல்லைக்கல் வரைக்கும் ரோடு போர்டுடையது, அதற்கு மேலே காட்டிலாகாவுடையது. மண் சரிந்தபோது எல்லைக்கல்லையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது எது யாருடைய இடம் என்று மழையைத்தான் கேட்கவேண்டும். இவர்கள் அவர்களைக் கையைக் காட்ட, அவர்கள் இவர்களைக் காட்ட, கடைசியில் தாசில்தார் எல்லாரையும் பங்களாவில் கூட்டினார். மூன்று இலாகாவும் ஒரே மேஜையில் டீ குடித்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முடிவு இது. கல் பொறுக்கிக் குவித்துத் தருவது காட்டிலாகா. ஆளும் ரோடு அமுக்கும் உருளையும் போர்டு. கூலி ஆட்களுக்குக் கஞ்சிக்கு தானியம் தாலுகா கச்சேரி. முன்னே நின்று வேலையை முடிப்பது, வேறு யார், உங்கள் தம்பிதான். மாசிக்குள் வண்டி ஏறும். ஏறாவிட்டால் என் பெயரை மாற்றிக் கூப்பிடுங்கள்.

இன்னாசி


மேல்கோம்பை
8-1-1944

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து மாமா வாய்விட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று. கிறிஸ்துமஸ் பூசைக்குக் கீழே இறங்க முடியவில்லை. வீட்டிலேயே செபமாலை சொன்னோம். எனக்கு மலைக்காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பயப்படாதே, கொயினா மாத்திரை இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்த ஊர் ஜனங்களை அங்கே வேலைக்கு எதிர்பார்க்காதே. அவர்கள் அந்த இடத்தில் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள். வேங்கை வளைவுக்கு வந்ததும், வேலை தொடங்குமுன் ஒரு ஆளை மேலே அனுப்பு. நானோ மாமாவோ இறங்கி வருகிறோம். அங்கே உனக்குக் காட்டவேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது, அதனால் நேரில் சொல்கிறேன்.

சம்சாரத்தை வெயிலில் அலைய விடாதே.

அக்கா


அரூர்
26-2-1944

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் நின்றதா? மாமா ஆசிரியர் பயிற்சிக்குச் சேலம் போனதாக வழியில் கேள்விப்பட்டேன். தனியாக என்ன செய்கிறீர்கள்?

பெயரை மாற்ற வேண்டியதில்லை, அக்கா. ரோடு முடிந்துவிட்டது. போன வாரம் பெரிய துரையின் மோட்டார் வேங்கை வளைவில் முக்காமல் முனகாமல் ஏறியது. துரை இறங்கி நின்று, இலாகாக்கள் கூடி வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று பேசினார். ரேஞ்சருக்கும் எனக்கும் மாலை போட்டார்கள்.

நிஜமாகவே ரேஞ்சரைப் பாராட்ட வேண்டும். கல் தரமாட்டார், இழுத்தடிப்பார் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் சரிந்த மண்மேல் வரிசையாகக் கற்குவியல்கள், தயாராக. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது: கல்லைக் குவித்து அளந்து முடித்ததும், யாரும் எடுத்துப் போகாமலிருக்க மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்போம். அதையும் தெளித்தே வைத்திருந்தார்கள். சில குவியல்கள் பெரிது, சில பாதிகூட இல்லை. காட்டிலாகாக்காரன் அளவில் கை வைத்துவிட்டான் என்று ஆட்களோடு சொல்லிச் சிரித்தேன். எல்லாவற்றையும் உடைத்துப் பரப்பி உருளை விட்டோம். நன்றாகப் படிந்துவிட்டது.

உங்கள் மலைக்காரர்கள் யாரும் வேலைக்கு வரவில்லை, நீங்கள் சொன்னபடியே. ஒரே ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஒரு சின்னக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. கூலிக்கு வந்தவள், கேட்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்து ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்தேன். வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த ஜனங்களுக்கு வேலை என்றால் அவ்வளவு கசப்பு.

ஆள் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். உருளையைத் திருப்பித் தரவேண்டிய அவசரத்தில் மறந்தே போனேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். காட்ட நினைத்ததை அடுத்த நடை காட்டுங்கள்.

தம்பி இன்னாசி


அரூர்
24-3-1944

அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. காய்ச்சல் அதிகமோ என்று அம்மா தூங்காமல் கிடக்கிறார்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் வண்டிக்கார மாதையனிடம் கொடுத்தனுப்பினேன். ஏறிப் போய் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்தான். திரும்பும்போது ஏற்றப் புளியோ சாமையோ கிடைக்கவில்லையாம். உங்கள் ஊர்க்காரர்கள் சரக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆட்டுத்தடத்தில் வழுக்கி வழுக்கி இறங்குகிறார்களாம். புது ரோட்டில் ஒரு காலடிகூட இல்லை என்கிறான். என்ன சங்கதி?

என்மேல் ஏதாவது வருத்தமா?

இன்னாசி


மேல்கோம்பை
12-4-1944

இன்னாசிக்கு,

காய்ச்சல் இல்லை. அம்மாவிடம் அதைச் சொல். பாஸ்கா திருநாளன்று மாமா சேலத்திலிருந்து திரும்பி வந்தார். பலமுறை பேனாவை எடுத்தேன், வைத்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அந்தக் கற்களை ரேஞ்சர் குவிக்கவில்லை. காட்டிலாகா ஒரு கல்லும் பொறுக்கவில்லை. அவை கீழ்க்கொட்டாயில் செத்தவர்களுக்கு இந்த ஊர் ஜனங்கள் வைத்த கற்கள். எடுத்து அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை அல்லவா, அதனால் யார் வீடு எங்கே இருந்ததோ அதற்கு நேர் மேலே, ஆளுக்கு ஒரு குவியல் வைத்தார்கள். ஓடையிலிருந்து ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து வைத்தார்கள். நானும் சுமந்தேன். மேலே இருந்தது சுண்ணாம்பு இல்லை. கருமாதி அன்று வெள்ளை மண்ணைக் கரைத்து ஊற்றுவது இவர்கள் முறை.

சின்னக் குவியல்கள் சின்னப் பிள்ளைகளுடையவை.

நீ சுத்தியல் கொடுத்தவள் பெயர் சாலம்மாள். சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தவள், இப்போது எங்கள் ஊரில் ஒரு குடிசையில் இருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்தது அவளுடைய மகள்மேல். அவள் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சர்க்காரு ஆளுகிட்ட நாம போயி என்னான்னுங்க சொல்றது. கேட்டா சொல்லியிருப்பனுங்க. கேக்கலீங்களே" என்றாள்.

அந்த ரோட்டில் அவர்கள் ஏன் நடப்பதில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

மாதம்மாள்


அரூர்
29-4-1944

அக்கா,

படித்த அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். சம்சாரம் என்ன என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஆனாலும் அக்கா, நீங்கள் ஏன் ஜனவரியிலேயே எழுதவில்லை? ஒரு வரி போதுமே. காட்டவேண்டியது ஒன்று இருக்கிறது என்று மூடி வைத்தால் நான் எதைக் கண்டேன்? குவித்து, மேலே வெள்ளை தெளித்த கல்லைப் பார்த்தால் எந்த ரோட்டுக்காரனும் என்ன நினைப்பான்?

ரேஞ்சரிடம் போனேன். அவர் முதலிலேயே யோசித்தாராம், நாம் கல் கொடுக்கவில்லையே, இந்த ஓவர்சியர் எதற்கு நன்றி சொல்கிறான் என்று. சொல்கிறவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாராம். கல் கொடுத்ததாக மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். "இனிமே கிளறாதீங்க இன்னாசி, ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்" என்று தோளில் தட்டி அனுப்பினார்.

நான் ஒன்று செய்கிறேன். நல்ல கருங்கல்லாக வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். வேறு நல்ல இடமாகப் பார்த்து அவர்கள் புதிதாகக் குவித்துக்கொள்ளட்டும். மல்லையனிடம் பேசிப் பாருங்கள்.

இன்னாசி


மேல்கோம்பை
20-5-1944

தம்பிக்கு,

நீ கேட்டது நியாயம். நான் எழுதியிருக்க வேண்டும். அழுகை வருகிறது என்று ஒரு சாக்கு. அந்த வாரங்களில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன் என்பது இன்னொரு சாக்கு. உருளைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தம்பி கவனித்துக்கொள்வான் என்று படுத்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கருங்கல் அனுப்பாதே. யார் வீடு எங்கே இருந்தது என்பதற்கு அந்தக் குவியல்தான் அடையாளம். இப்போது எல்லாம் ஒரே மட்டமாக இருக்கிறது. சாலம்மாள் போய்ப் பார்த்துவிட்டு, "எம்புள்ள எங்க கெடக்குதுன்னே தெரியலீங்க" என்று திரும்பி வந்தாள். வேறு இடத்தில் கல் குவித்து அவள் என்ன செய்வாள்?

போன வாரம் குள்ளன் என்பவன் புளி மூட்டையோடு ஆட்டுத்தடத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். ராமக்கா என்று ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, எட்டாம் மாதம். வலி கண்டால் அந்தத் தடத்தில்தான் டோலியில் இறக்குவார்கள்.

இன்னொன்றும் உன்னிடம் மறைத்தேன். நீ என் தம்பி என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சாலம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓவர்சியர் நாசமாகப் போகட்டும் என்று சபிக்கிறாள். நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். உன் கடிதம் வந்தால் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது படிக்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

மாதம்மாள்


அரூர்
18-6-1944

அக்காவுக்கு,

சம்சாரத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். இந்தச் செய்தியை எப்படியெல்லாமோ எழுத ஆசைப்பட்டேன்.

அந்த ரோட்டில் வண்டிப் போக்குவரத்தே இல்லை, ஏன் என்று ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? மலை ஜனங்களுக்கு ரோட்டின் உபயோகம் தெரியவில்லை, பழைய தடத்திலேயே நடந்து பழகியவர்கள் என்று எழுதினேன். என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பெரிய குமாஸ்தா படித்துவிட்டு, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார்.

அதன்மேல் உத்தரவாகப் போகிறது. உபயோகமில்லாத ரோடு, இனிப் பராமரிக்க வேண்டாம் என்று. ஒரு மழை வந்தால் அதுவும் போய்விடும். உள்ளதைச் சொல்லியிருந்தால் வளைவை விட்டு மேலே புதுத் தடம் வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். வெட்ட இடமும் இருக்கிறது. உங்கள் ஊருக்கு ரோடு கிடைக்க அது ஒன்றுதான் வழி. தெரிந்தேதான் பொய் எழுதினேன். வேலை போனால் இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்கினால் கை கூசுகிறது, அக்கா.

இன்னாசி


மேல்கோம்பை
2-7-1944

இன்னாசிக்கு,

குழந்தைக்கு என் முத்தம். நல்லபடியாக வளரட்டும்.

ராமக்காவுக்கு வலி கண்டு டோலியில் இறக்கினார்கள். தடத்திலேயே பிரசவம். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.



மாதம்மாள்


அரூர்
30-7-1944

அக்காவுக்கும் மாமாவுக்கும் இன்னாசி எழுதுவது.

ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். முதலில் எழுதியது பொய் என்றும், அந்தக் கற்கள் என்ன கற்கள் என்றும், யாரையும் கேட்காமல் எடுத்தேன் என்றும், புதுத் தடம் எங்கே வெட்டலாம் என்றும். எஞ்சினீயர் கூப்பிட்டு, "உமக்குப் பைத்தியமா ஐயா" என்று கேட்டார். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறீரா என்றார். வாங்கவில்லை. விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரேஞ்சர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் புதுத் தடம் பார்க்க இரண்டு இலாகாவும் மறுபடி ஆள் அனுப்புகின்றன.

அம்மாவுக்குத் தெரியும். கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மேலே வருகிறேன். ஊர் முன்னால் சொல்ல வேண்டும். நீங்கள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னாசி


மேல்கோம்பை
15-8-1944, மாதா பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள்

என் தம்பி இன்னாசிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஆட்டுத்தடத்தில் வந்ததில் உன் கால் கிழிந்து ரத்தம் வந்ததைப் பார்த்தேன். மஞ்சள் பற்றுப் போடு.

ஊர் நடுவில் நீ நின்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். நீ அழவில்லை, சமாதானம் சொல்லவில்லை. "தெரியாம எடுத்தேன். தெரிஞ்சப்புறம் பொய் எழுதினேன். ரெண்டும் நான்தான்" என்றாய். திட்டியிருந்தால்கூட உனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் மல்லையன், "அய்யாவுக்கு இந்த ஊருல ஆராச்சும் தெரிஞ்சவங்க இருக்கறாங்களா? வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிக்கோணுமே" என்றார். நீ கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாய். என் முகத்தில் நிற்காமல் கண்ணை எடுத்துக்கொண்டு, யாரையும் தெரியாது என்றாய்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க" என்று நீட்டினேன். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையை "குடிங்க" என்றேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப உபகாரமுங்க" என்றாய். நீ கண்ணுக்கு மறைகிறவரை அப்படியே நின்றேன்.

முந்தாநாள் மனம் தாங்காமல் சாலம்மாள் வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஓவர்சியர் என் கூடப்பிறந்த தம்பி என்றேன். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

எப்போதிலிருந்து என்றேன்.

"சுத்தியலு குடுத்தாரே, அன்னைக்கே. மூக்கும் முழியும் உங்களாட்டமே இருக்குதுங்களே. ஊருக்கே தெரியுமுங்க."

தெரிந்துமா என் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிச் சபித்தாய் என்று கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பவாச்சும் எந்தம்பின்னு சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. நீங்களுந்தான் தலையாட்டுனீங்க."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை. எடுத்த கல்லுக்காக நீ வந்து தலை குனிந்தாய். நான் எத்தனை மாதம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய்யாக இருந்தேன், அவர்களும் தெரிந்தே அதைப் பொறுத்துக்கொண்டு எனக்குக் கீரையும் தேனும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தை மறைத்து எழுதவில்லை. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போகிறவர்கள் யாருக்கு என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாருமாக ஒருமுறை வாருங்கள். நேராக என் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
ஓவர்சியர் இன்னாசியின் அக்கா
மாதம்மாள்